தூர் எடுக்காத வாய்க்கால்: காவிரி டெல்டாவில் தள்ளிப்போட்ட பராமரிப்பின் வரலாறு

மென்பொருள் நிறுவனங்களில் "தொழில்நுட்பக் கடன்" என்றொரு சொல் வழங்குகிறது. அவசரத்துக்காக அரைகுறையாக முடித்த வேலை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட திருத்தம், ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்காத பழக்கம் ஆகியவை அன்றைக்குச் செலவை மிச்சப்படுத்தியது போலத் தோன்றும். பிறகு வட்டியோடு திரும்பி வரும் என்பது இதன் பொருள். அமெரிக்க நிரலர் வார்டு கன்னிங்காம் 1992-இல் இந்த உவமையைப் பயன்படுத்தினார்.

கணினி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தஞ்சைத் தரணியின் ஆறுகளும் வாய்க்கால்களும் இதே பாடத்தைக் கற்பித்து வந்துள்ளன. ஓராண்டு தூர் எடுக்காவிட்டால் எந்த வாய்க்காலும் அடைந்துவிடாது. பல ஆண்டுகள் விட்டால், தண்ணீர் ஆற்றில் நிறைந்து ஓடும்போதே வயல் காய்கிறது. காவிரி டெல்டாவில் பராமரிப்பு முறைகள் எப்படி இருந்தன, எப்படித் தளர்ந்தன, அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இன்றைய மென்பொருள் நிறுவனங்களின் அனுபவம் இதனோடு எங்கே ஒத்துப்போகிறது என்பதையும் இறுதிப் பகுதி காட்டுகிறது.

நிலத்தின் அமைப்பும் வண்டலும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கிளை கொள்ளிடம்; தெற்கே செல்வது காவிரி. இரண்டுக்கும் நடுவில் திருவரங்கம் தீவாக அமைந்துள்ளது. தீவின் கிழக்கு முனையில் இரண்டு ஆறுகளும் மறுபடியும் நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. கடலுக்குச் செல்லும் அதன் பாதையும் நேரானது. ஆகவே, தடுப்பார் இல்லாவிட்டால் காவிரி நீர் கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போய்விடும். அதைத் தடுத்து நீரைத் தஞ்சை நிலப்பரப்புக்குத் திருப்பும் இடத்தில்தான் கல்லணை உள்ளது.

கல்லணைக்குக் கீழே காவிரியும் வெண்ணாறும் பல கிளைகளாகப் பிரிகின்றன. அவற்றிலிருந்து வாய்க்கால்கள், வாய்க்கால்களிலிருந்து கன்னிகள் என நீர் வயலுக்குச் செல்கிறது. வெள்ளம் வரும்போதெல்லாம் மணலும் வண்டலும் சேர்ந்தே வருகின்றன. வயலில் படியும் வண்டல் உரமாகிறது. வாய்க்காலில் படியும் வண்டல் அடைப்பாகிறது.

டெல்டா மிகவும் தட்டையான நிலம். வாய்க்காலின் சரிவு குறைவு என்பதால், அடியில் ஓர் அங்குலம் மண் ஏறினாலும் நீரின் ஓட்டம் குறையும். ஆனால் அந்தக் குறை வாய்க்காலின் தொடக்கத்தில் தெரியாது. தலைமடையில் நிலம் வைத்திருப்பவருக்கு வழக்கம்போல் நீர் பாயும். நீர் குறைவதை முதலில் உணர்பவர் கடைமடை உழவர். அவர் சொல்லும்போது, தலைமடையில் நிறைந்து ஓடும் நீரைப் பார்த்துவிட்டு, "தண்ணீர்தான் போகிறதே" என்று மற்றவர்கள் சொல்வார்கள். தவறு நடக்கும் இடம் ஒன்று, வலி தெரியும் இடம் வேறொன்று. பராமரிப்புத் தளர்ச்சியின் இந்த அடிப்படைக் குணத்தை மனத்தில் வைத்தால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

பழைய ஏற்பாடுகள்

கல்லணையைக் கட்டியவன் கரிகால் சோழன் என்பது மரபு. சுமார் 329 மீட்டர் நீளமுள்ள பழைய அணை, சுண்ணச் சாந்து இன்றிக் கற்களை அடுக்கி, நேர்கோடாக இல்லாமல் வளைந்து செல்லும்படி கட்டப்பட்டது. மணற்படுகையின் மேல் இப்படி ஓர் அணை நிற்பது பிற்காலப் பொறியாளர்களை வியக்க வைத்தது. கட்டியவர்களின் திறமையைப் போற்றும்போது இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சரிந்த கல்லை எடுத்து வைக்கவும், அரித்த இடத்தை நிரப்பவும் தலைமுறைதோறும் ஆட்கள் இருந்ததால்தான் அந்த அணை நின்றது.

பராமரிப்பை ஒரு முறையாக வகுத்த செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் கிடைக்கின்றன. டெல்டாவுக்கு வெளியே, தொண்டை மண்டலத்தின் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. அதன் உறுப்பினர்கள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர்; பதவிக் காலம் 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் மறுபடி போட்டியிட முடியாது. வேலை யாருடையது, எவ்வளவு காலத்துக்கு, கணக்கு எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இருந்தது.

பிற்காலத்தில் இத்தகைய பொது வேலை குடிமராமத்து என்று அழைக்கப்பட்டது. வாய்க்காலில் தூர் எடுப்பது, செடிகொடிகளை அகற்றுவது, கரையில் விழுந்த சிறு பள்ளங்களை அடைப்பது, வெள்ளக் காலத்தில் இரவும் பகலும் கரையைக் காப்பது ஆகியவை இதில் அடங்கும். ஊர் தன் பங்குக்கு ஆளைக் கொடுக்க வேண்டும்.

இந்த முறையைப் பொற்காலமாக மட்டும் பார்ப்பது சரியாகாது. தஞ்சைப் பகுதியில் நிலம் மிராசுதாரர்களிடம் இருந்தது. சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடித்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற பண்ணையாட்கள். பலன் ஒருவருக்கு, பாடு இன்னொருவருக்கு என்றிருந்தது. கிராமங்கள் யாருடைய தலையீடும் இல்லாமல் தாமே தம் நீர்நிலைகளைக் காத்துவந்தன என்ற சித்திரமே காலனி ஆட்சிக் காலத்தில் மிகைப்படுத்தப்பட்டது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ஆயினும் ஆண்டுதோறும் வேலை நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

சுவரை உயர்த்துவதா, மணலுக்கு வழி விடுவதா?

1799-இல் இரண்டாம் சரபோசி மன்னருடன் செய்த உடன்படிக்கையின் வழியே தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் காவிரிக் கிளையின் படுகை மணலால் மேடிட்டுவர, கொள்ளிடத்துக்கு மேலும் மேலும் நீர் சென்றது. 1804-இல் இதனை ஆராய்ந்த காப்டன் கால்டுவெல் கல்லணையை 27 அங்குலம் உயர்த்தச் செய்தார். நீரைத் தேக்குவதற்கு அது உதவியது. ஆனால் சுவரை உயர்த்துவதால் மணல் வெளியேற வழி பிறக்காது. மேட்டின் அளவுக்கு அணையை உயர்த்திக்கொண்டே போனால் மணலும் அதன் பின்னாலேயே உயரும்.

பின்னர் பொறுப்பேற்ற ஆர்தர் காட்டன் 1830 வாக்கில் கல்லணையில் மணல் போக்கிகளை அமைத்தார். படிந்த மணலை நீரின் விசையாலேயே வெளியே தள்ளும் ஏற்பாடு இது. 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும், அதற்குக் கீழே அணைக்கரையில் கீழணையும் கட்டி முடிக்கப்பட்டன.

மேலணை கட்டியதோடு வேலை முடியவில்லை. இப்போது காவிரிக் கிளைக்கு அளவுக்கு மீறி நீர் வரத் தொடங்கியது; படுகை அரிக்கப்பட்டது. 1840களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பில் படுகையைக் காக்கும் கட்டுமானம் அமைக்கவும் நேர்ந்தது. 1880களில் கல்லணைப் பகுதியில் காவிரி, வெண்ணாறு ஆகியவற்றின் தலைப்புகளில் நீரொழுங்கிகள் கட்டப்பட்டன. ஓர் ஆற்றில் ஒரு மாற்றம் செய்தால் அதன் விளைவைத் தொடர்ந்து கவனித்து, அடுத்த திருத்தத்தைச் செய்ய வேண்டும் என்பது இந்த அரை நூற்றாண்டு தந்த அனுபவம்.

பெரிய அணைகளில் இந்தக் கவனம் இருந்தது. சிறிய வாய்க்கால்களின் நிலை வேறு. வரி வசூலிப்பதில் காட்டிய அக்கறையைப் பாசன வேலைகளில் கம்பெனி அரசு காட்டவில்லை என்ற குற்றச்சாட்டு அக்காலத்திலேயே எழுந்தது. 1850களின் தொடக்கத்தில் சென்னை மாகாணப் பொதுப்பணிகளை விசாரித்த ஆணையம், கவனிப்பின்றிக் கிடந்த பாசன வேலைகளைப் பற்றி விரிவாக எழுதியது. காட்டனும் 1854-இல் இந்தியாவின் பொதுப்பணிகளைப் பற்றி வெளியிட்ட நூலில் இதே கருத்தை வலியுறுத்தினார்.

யாருடைய வேலை?

பொதுப்பணித் துறை உருவானபின் ஆறுகளும் பெரிய வாய்க்கால்களும் துறையின் பொறுப்பாயின. கிளை வாய்க்கால்கள் குடிகளின் பொறுப்பாகக் கருதப்பட்டன. எது சர்க்கார் மராமத்து, எது குடிமராமத்து என்ற எல்லைச் சிக்கல் அப்போதே தோன்றியது.

1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி தரவேண்டிய உழைப்பைத் தராதவரிடம் அதன் மதிப்பைப்போல் இரு மடங்கு வசூலிக்க இடம் தந்தது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் வழக்கம் எது என்று நிறுவி, வராத ஆளின் உழைப்பை மதிப்பிட்டு, அந்தச் சிறு தொகையைத் தண்டுவது நடைமுறையில் கடினமாக இருந்தது. ஊரே கூடி முடிவுசெய்த வேலை, மேலிருந்து வரும் தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாக மாறியபோது பிடிப்புக் குறைந்தது. 1901 முதல் 1903 வரை ஆய்வு செய்த இந்தியப் பாசன ஆணையமும் குடிமராமத்து தளர்ந்துபோனதைப் பதிவு செய்தது.

1934-இல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் பயன்பாட்டுக்கு வந்தன. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இதனால் தஞ்சையின் தெற்குப் பகுதியில் புதிய நிலங்கள் பாசனம் பெற்றன. நீர் வரும் காலமும் ஓரளவு உறுதியாயிற்று. ஜூன் 12-இல் அணையைத் திறப்பதும் ஜனவரி 28-இல் மூடுவதும் வழக்கமாயின. இடைப்பட்ட நான்கரை மாதங்கள் ஆறுகளும் வாய்க்கால்களும் வறண்டு கிடக்கும். தூர் எடுப்பதற்கு இதைவிட வசதியான காலம் கிடையாது.

ஆனாலும் பல ஆண்டுகளில் நிதி ஒதுக்கி, ஒப்பந்தம் முடிந்து, பொக்லைன் இயந்திரம் ஆற்றில் இறங்குவதற்குள் மே மாதம் பிறந்துவிடுகிறது. வேலை முடியுமுன்பே அணை திறக்கப்படுகிறது. எவ்வளவு ஆழம் தோண்டினார்கள், எவ்வளவு தூரம் தோண்டினார்கள் என்பதை வந்த தண்ணீர் மூடிவிடுகிறது. அளந்து பார்க்க வழியில்லை. உழவர் சங்கங்கள் ஆண்டுதோறும் எழுப்பும் குறை இது.

டெல்டாவில் நீர்வழிகளை ஏ, பி, சி, டி என்று வகைப்படுத்துவார்கள். ஆறுகளும் பெரிய வாய்க்கால்களும் முதல் வகைகளில் வரும். அவற்றில் நடக்கும் வேலை சாலையில் செல்பவர் கண்ணுக்குத் தெரியும். ஊருக்குள் ஓடும் சி, டி வாய்க்கால்களில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடந்தாலும் அது வெளியே தெரிவதில்லை. நீர் வயலைத் தொடுவது இந்தக் கடைசி வாய்க்கால்களின் வழியாகத்தான். வடிகால்களின் கதியும் இதுவே. பாசன வாய்க்கால் அடைத்தால் பயிர் காயும். வடிகால் அடைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் அழுகும்.

இரண்டு இழப்புகளும் கடைமடையில் ஒன்றுசேர்கின்றன. நீர் தாமதமாக வந்தால் சம்பா விதைப்பு தள்ளிப்போகும். தள்ளிப்போன பயிர் வேர் பிடிக்கும் முன்பே வடகிழக்குப் பருவமழை வந்து மூழ்கடிக்கும். தலைமடைப் பகுதியில் ஆழ்துளைக் கிணறு வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு என்பதால் அந்த வழியும் அடைபடுகிறது. பராமரிப்புக் குறைவின் விலையை மாற்று வழி இல்லாதவரே முதலில் கொடுக்கிறார்.

2018: இரு காட்சிகள்

2018-ஆம் ஆண்டு ஜூலையில், பல ஆண்டுகளுக்குப் பிறகு மேட்டூர் அணை நிரம்பியது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம் புரண்டது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகள் இடிந்து விழத் தொடங்கின. 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. 1836-இல் முடிந்த அணைக்கு அப்போது வயது 182. அணையின் பழமையும் வெள்ளத்தின் வேகமும் காரணம் என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. மணல் அள்ளியதும் பராமரிப்புக் குறைவும் காரணம் என்று உழவர் அமைப்புகள் கூறின. கற்களையும் மணல் மூட்டைகளையும் போட்டுத் தற்காலிகமாக உடைப்பை அடைத்தனர். பின்னர் 387 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் புதிய கதவணை எழுப்பப்பட்டது.

அதே நாட்களில் இன்னொரு காட்சியையும் செய்தித்தாள்கள் வெளியிட்டன. கொள்ளிடத்து நீர் கடலில் கலந்துகொண்டிருக்க, கடைமடைப் பகுதி உழவர்கள் தண்ணீர் கேட்டுப் போராடினார்கள். அந்த ஆண்டு நீருக்குப் பஞ்சமில்லை. நீர் செல்லும் வழிதான் பழுதாகி இருந்தது.

மென்பொருளில் படியும் வண்டல்

மென்பொருளுக்கும் வண்டல் உண்டு. பிரிட்டனில் பணியாற்றிய கணினி அறிஞர் மேயர் லேமன் 1970களில், பயன்பாட்டில் உள்ள மென்பொருள் மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்றும், சிக்கலைக் குறைக்கத் தனியே வேலை செய்யாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்திலும் அதன் சிக்கல் கூடும் என்றும் எடுத்துக்காட்டினார். வேறு வகையில் சொன்னால், ஓடும் வாய்க்காலில் மண் படியும், எடுத்தால்தான் குறையும்.

இரண்டாயிரமாம் ஆண்டுச் சிக்கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணினி நினைவகம் மிகவும் விலை உயர்ந்திருந்த காலத்தில், ஆண்டைக் குறிக்க நான்கு இலக்கங்களுக்குப் பதில் இரண்டே இலக்கங்களை எழுதினார்கள். அன்று அது சிக்கனம். விலை குறைந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. 1990களின் இறுதியில், 00 என்பதைக் கணினி 1900 என எடுத்துக்கொள்ளுமோ என்ற அச்சத்தில் உலகமெங்கும் பழைய நிரல்களை வரிவரியாகத் திருத்த வேண்டியதாயிற்று. இந்திய மென்பொருள் நிறுவனங்கள் அந்நாளில் வேகமாக வளர்ந்ததற்கு இந்தத் தூர்வாரும் வேலையும் ஒரு காரணம்.

இன்னொரு நிகழ்ச்சி 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நடந்தது. நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் எட்டுச் சேவையகங்களில் புதிய நிரலை நிறுவ வேண்டியிருந்தது. ஏழில் நிறுவிய ஊழியர் எட்டாவதை விட்டுவிட்டார். அந்த ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன்பே பயன்பாடு நின்றும் நீக்கப்படாத பழைய நிரல் இருந்தது. சந்தை திறந்ததும் அது உயிர்பெற்று, தேவையற்ற ஆணைகளை அனுப்பித் தள்ளியது. ஏறக்குறைய 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு. ஒருவர் நிறுவியதை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதி அங்கே இல்லை என்பதை அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் சுட்டிக்காட்டியது. விடுபட்ட அந்த எட்டாவது சேவையகம் டெல்டாவின் டி வாய்க்காலைப் போன்றது. ஏழு சரியாக இருந்ததால் எல்லாம் சரியென்று தோன்றியது.

மென்பொருள் நிறுவனங்களிலும் கடனை வாங்குபவர் ஒருவர், அடைப்பவர் வேறொருவர். குறித்த நாளில் வெளியிட்டுப் பாராட்டுப் பெற்றவர் வேறு பணிக்குப் போய்விடுகிறார். எழுதி வைக்காத காரணங்களையும் சோதிக்காத பகுதிகளையும் புதிதாகச் சேரும் இளைஞர் இரவு விழித்திருந்து சரிசெய்கிறார். ஜூன் 12-க்கு முன் அவசரமாக ஆற்றில் இறங்கும் இயந்திரத்துக்கும், வெளியீட்டு நாளுக்கு முந்தைய இரவில் அவசரமாக எழுதும் திருத்தத்துக்கும் அதிக வேறுபாடு இல்லை. இரண்டையும் மறுநாள் வரும் வெள்ளம் மூடிவிடும்.

வரலாறு தரும் படிப்பினைகள்

தமிழ்நாடு அரசு 2000-ஆம் ஆண்டு உழவர்கள் பாசன அமைப்புகளை மேலாண்மை செய்வதற்கான சட்டத்தை இயற்றியது. 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டம் 100 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் மீண்டும் தொடங்கப்பட்டது. உழவர்கள் தம் பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வழி செய்யப்பட்டது. பழைய பெயர் திரும்பியிருக்கிறது. பெயரோடு ஒழுங்கும் திரும்பினால்தான் பயன் நிலைக்கும்.

அந்த ஒழுங்கின் கூறுகளை மேலே கண்ட வரலாற்றிலிருந்தே தொகுக்கலாம். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பொறுப்பாளர் யார் என்பது ஊரறியத் தெளிவாக இருக்க வேண்டும். வேலைக்குரிய காலத்திலேயே வேலை நடக்க வேண்டும். பிப்ரவரியில் தொடங்குவதை மே மாதத்துக்குத் தள்ளக் கூடாது. செய்ததை, தண்ணீர் வருமுன் மற்றொருவர் அளந்து பார்க்க வேண்டும். உத்திரமேரூரில் போல, கணக்குக் காட்டாதவருக்கு அடுத்த பொறுப்பு தரக் கூடாது. உழைப்பவருக்கு உரிய கூலியும் மதிப்பும் கிடைக்க வேண்டும். பழைய குடிமராமத்தில் இல்லாத நியாயம் இது. பாசனத் துறைக்குப் பொருந்தும் இவை மென்பொருள் நிறுவனத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஊராட்சிக்கும் பொருந்தும்.

அணையின் அழகையும் திறப்பு விழாவின் சிறப்பையும் வைத்துப் பாசனத்தை மதிப்பிட முடியாது. வேளாங்கண்ணிப் பக்கமோ வேதாரண்யம் பக்கமோ உள்ள கடைசி வயலுக்கு, விதைக்க வேண்டிய நாளில் நீர் வந்ததா என்று கேட்க வேண்டும். அந்த வயலுக்கு நீர் வந்திருந்தால், அதற்கு மேலே உள்ள அத்தனை வாய்க்கால்களிலும் யாரோ தம் வேலையை உரிய காலத்தில் செய்திருக்கிறார்கள் என்று பொருள்.